படையலுக்கு வந்த அட்டைப்படம்

நேத்து எம் பேத்தி என்னயக் கூப்புட்டு, "அம்மாச்சி, செத்த நேரம் அசையாம என்னயவே பாரு"ன்னா. மெட்ராஸ்ல சினிமா கம்பெனிகளுக்குப் படம் போட்டுக் குடுக்குற வேல அவளுக்கு. லீவுன்னு திண்டுக்கல்லுக்கு வந்தாலும் அந்த மடக்குற கம்ப்யூட்டர் மடிய விட்டு எறங்காது, கைப்புள்ள மாதிரி தூக்கிக்கிட்டேதேன் திரியுவா. இப்ப ஏதோ பேய்ப் படம் வரப்போகுதாம். அதப் பத்தி ஊருக்கெல்லாம் தெரியணும்னு ஒரு சினிமா புஸ்தகத்துக்கு அட்டை போடணுமாம். புஸ்தகம்னா கையில புடிச்சுப் பெரட்டுற புஸ்தகம் இல்லையாம். போனுக்குள்ளயே வருமாம், போனுக்குள்ளயே போயிருமாம். அந்த அட்டையில இருக்குற பேய்க்கு நல்லா வயசான கண்ணா வேணும்னு வீட்டுக்குள்ள தேடிருக்கா. நாந்தேன் கெடச்சேன்.

எனக்குச் சிரிப்புத் தாங்கல. வெத்தலை பொரையேறிப் போச்சு. ஏண்டி, நான் ஒரு தடவ பேய்க்குக் கண்ணு குடுத்தாச்சு, மறுபடியுமான்னு கேட்டேன். அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. ஒக்காரு சொல்றேன்னேன். அவ ஒக்காந்து, நான் பேசுறதப் போன்ல புடிச்சுக்கிட்டா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டுந்தேன் இருக்கு. அது அது பாட்டுக்குப் போகும், கூடவே வந்துக்கிருங்க.

எனக்கு அப்ப ஏழு வயசோ எட்டு வயசோ. பெத்தவ இல்ல. நான் தவந்துக்கிட்டுத் திரிஞ்சப்பவே காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. அப்பா வெங்காய மண்டியில தராசு புடிக்கிறவரு. எங்க வீட்டுல சாமி கும்புட்டாக்கூட சூடத்து வாசத்துக்கு மேல வெங்காய வாசந்தேன் வரும். அப்பா துண்டு, சட்டை, தலமுடி எல்லாத்துலயும் அதுதேன். கண்ணு எப்பவும் செவந்துதேன் கெடக்கும். என்னப்பா அழுதியான்னு சின்னப்புள்ளையில கேப்பேன். வெங்காயம்டி ஆத்தான்னு சொல்லுவாரு. அதுக்குப் பெறகு கேக்குறத விட்டுட்டேன்.

என்னய வளத்தது அப்பா கூடப் பொறந்த அத்தை. அது ஒருத்தருக்கும் பயப்படாது. மண்டிக்காரன் கூலியக் கொறச்சான்னு கேட்டுக்கிட்டு, கையில கரண்டியோட கடைத்தெருவுக்கே போன பொம்பள. ஆனா பேயின்னு சொல்லிட்டா மட்டும் கொல்லைக்குப் போறதுக்குக்கூட என்னயத் தொணைக்குக் கூப்புடும். நான் என்ன, அது இடுப்பு ஒசரங்கூட இருக்க மாட்டேன்.

எங்க வீட்டுச் செவுத்துல ரெண்டே சாமான்தேன் தொங்கும். ஒண்ணு ரசம் போன கண்ணாடி, ஒண்ணு எங்கம்மா போட்டோ. பக்கத்துப் பக்கத்து ஆணியில. அம்மாவுக்குன்னு இந்த ஒலகத்துல இருந்தது அந்த ஒரு படந்தேன். முழங்கால்ல அடிபட்டா அங்க போயித்தேன் காட்டுவேன். அத்தை அடிச்சா அங்க போயித்தேன் கோள் சொல்லுவேன். நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்ணு கூடவே வரும். வீட்டுக்கு வாரவுக எல்லாரும் ஒரு தடவ படத்தப் பாப்பாக, ஒரு தடவ என்னயப் பாப்பாக, ஆத்தா கண்ண அப்படியே உரிச்சு வச்சிருக்குன்னு சொல்லுவாக. எனக்கு அம்புட்டுப் பெருமையா இருக்கும். அப்பா மட்டும் அந்த வார்த்தைய ஒருநாளும் சொன்னதில்ல. அத நான் அப்பக் கவனிக்கல.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எங்க மாமா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மாடியில போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தாரு. பின்னாடி தொங்குற திரையில கொடைக்கானல் ஏரிய வரஞ்சு வச்சிருப்பாரு. காட்டுல களையெடுத்துட்டு வந்தவுகெல்லாம் அந்த ஏரிக்கு முன்னாடி வெரப்பா நின்னு எடுத்துட்டுப் போவாக. ஆனா மாமாவுக்குப் பேரு வந்தது அதுனால இல்ல. செத்தவுகளுக்குக் கண்ணு தொறக்குறதுல.

இப்ப மாதிரி இல்ல பாருங்க அப்ப. உசுரோட இருக்கையில எவன் போட்டோ எடுத்தான். மூச்சு நின்ன பெறகுதேன், ஐயோ ஒரு படங்கூட இல்லையேன்னு ஓடுவாக. மாமா பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போவாரு. குளிப்பாட்டி, நாக்காலியில சாய்ச்சு வச்சு எடுப்பாரு. அந்தப் படத்துல வாய் தொறக்காம இருக்கத் துணியால கட்டுன நாடிக்கட்டு இருக்கும், கண்ணு மூடிருக்கும். ஸ்டுடியோவுல ஒக்காந்து பூன முடி மாதிரி ஒரு தூரிகைய வச்சுக்கிட்டு, நாடிக்கட்ட அழிச்சு முந்தானையா ஆக்கிருவாரு. மூடுன கண்ணு மேல தொறந்த கண்ண எழுதிருவாரு. பதினாறாம் நாளு படத்தக் கொண்டுபோயிக் குடுத்தா, இப்பப் பேசப்போற மாதிரி இருக்கேன்னு வீடே அழுகும். எங்கம்மா படமும் அப்படி எடுத்ததுதேன். இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்ச சங்கதி. எங்க மாமா கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்குறவருன்னுதேன் நான் அப்ப நெனச்சிருந்தேன்.

மாமாவுக்கு மெட்ராஸ் ஆச. சினிமாவுக்குப் படம் வரையணும்னு. அந்த நேரம் பாத்து மதுரையில சினிமா புஸ்தகம் நடத்துற ஒருத்தரு மாமாவத் தேடி வந்தாரு. பேய்ப் படம் ஒண்ணு வருது, அதுக்கு அட்டை போடணும், பாத்தவன் பதறிப்போயிக் கொட்டகைக்கு ஓடணும்னாரு. படத்துல நடிச்ச பொம்பளையப் போட வேண்டியதுதானன்னு மாமா கேட்டிருக்காரு. அந்தம்மா வீட்டுல ஒத்துக்கலையாம். பூ வச்சுச் சிரிக்கிற படந்தேன் தருவோம், பேயா அட்டையில போட்டா அடுத்த படத்துக்கு எவன் கூப்புடுவான்னு சொல்லிட்டாகளாம். நீரு செத்தவுகளுக்கே கண்ணு தொறக்குற ஆளாச்சே, செத்த ஒருத்தி கண்ணத் தொறக்குற மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுத் தாருமின்னு அந்த மதுரைக்காரரு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மாமாவுக்குக் காலு தரையில பாவல. ஆனா மூஞ்சிக்கு எங்க போறது? வரையிறதுக்கு ஒரு பொம்பள தலைய விரிச்சுப் போட்டு ஒக்காரணும். எந்த வீட்டுப் பொம்பள ஒக்காருவா? மொதல்ல கட்டுனவகிட்டயே கேட்டிருக்காரு. தலைய விரிச்சு ஒக்கார நான் என்ன தாலியறுத்தவளான்னு வெளக்கமாத்தத் தூக்கிருச்சு. தூக்குனதோட நிக்காம அன்னைக்கே ஆயக்குடிக்கு ஆத்தா வீட்டுக்கும் போயிருச்சு. போனது, கொய்யாப்பழக் காலம் முடிஞ்சுதேன் திரும்பி வந்துச்சு. அதுக்குப் பெறகு பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அக்காகிட்ட கேட்டு, அதுவும் வஞ்சு அனுப்பிருச்சு.

அப்ப ஆடி அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. எங்க வீட்டுல வருசா வருசம் அம்மாவுக்கு அன்னைக்குத்தேன் படையல். அந்த வருசம் மழை சாரல் பட்டு போட்டோவுல ஒரு மூலையில வெள்ள வெள்ளயா பூத்திருந்துச்சு. அப்பாவே ஆணியிலருந்து கழட்டி, துண்டால தொடச்சு, மாமா கையில குடுத்தாரு. படையலுக்கு முன்னாடி வேணும் மாப்ளன்னாரு. இதென்ன மச்சான் பெரிய காரியம், புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்னு மாமா வாங்கிட்டுப் போனாரு.

மாமாவுக்குச் சோறு போட ஆளில்லாததால தெனம் எங்க வீட்டுலருந்துதேன் தூக்குச்சட்டி போகும். நாந்தேன் கொண்டுபோவேன். அன்னைக்குக் கத்திரிக்கா வெஞ்சனம். படியேறிப் போறேன், மாமா குனிஞ்சு ஒக்காந்திருக்காரு. மேசையில சட்டமில்லாம, கண்ணாடியில்லாம எங்கம்மா கெடக்கா. மாமா பஞ்ச நனச்சு, பிளேடால மெல்லச் சொரண்டிச் சொரண்டி எடுக்குறாரு. நான் எட்டிப் பாத்தா, அம்மா கண்ண மூடிருக்கா. நாடியச் சுத்தித் தலையோட ஒரு துணி கட்டிருக்கு. நான் அம்மாவ அப்படிப் பாத்ததே இல்ல. தூங்குறாளா மாமான்னு கேட்டேன். ஆமா, தூங்குறா, சத்தம் போடாதன்னாரு. அந்தத் துணியும் எனக்குத் தெரிஞ்சதுதேன். பல்லு வலி வந்தா எங்க அத்தை அப்படித்தேன் கட்டிக்கிட்டுத் திரியும். ஐயோ பாவம், அம்மாவுக்குப் பல்லு வலின்னு நெனச்சுக்கிட்டேன்.

பெறகு என்னய ஸ்டூல்ல ஒக்கார வச்சாரு. மொகத்துல வெளிச்சம் விழுகுற மாதிரி திருப்புனாரு. என்னயவே பாரு, கண்ண மட்டும் மூடாத, பயந்த மாதிரி பாருன்னாரு. எனக்குப் பயம் வரல, சிரிப்புத்தேன் வருது. முறைச்சுப் பாக்குறாரு, கத்திப் பாக்குறாரு, நான் சிரிக்கிறேன். திடீர்னு மேசப் பக்கம் திரும்பிக் கைய ஒதறி, "ஐயையோ, ஒங்கம்மா மூஞ்சியில மைய ஊத்திட்டேனே. போச்சு. இனிமே அவ இல்லடி"ன்னாரு.

நான் அப்படியே பாத்தேன். கத்தவும் வரல, அழுகவும் வரல. "ஆங், அப்படியே இரு"ன்னு சொல்லிட்டு மாமா வெரசா எழுதுறாரு. என்னயப் பாக்குறாரு, எழுதுறாரு. எழுதி முடிச்ச பெறகு, சும்மா சொன்னேன்டி கிறுக்கச்சின்னு சொல்லி ஒரு கமர்கட்டக் கையில குடுத்தாரு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே படியெறங்கி வந்தேன். மேசையப் பாக்க விடல. படையலன்னைக்குப் பாருன்னுட்டாரு.

அமாவாசையும் வந்துச்சு. மண்டி லீவு. அப்பா சின்னாளப்பட்டியில எடுத்துட்டு வந்த சுங்கடிச் சேலைய மடிச்சுப் பலகையில வச்சாரு. வருசம் ஒரு சேலை அம்மாவுக்கு எடுப்பாரு. படைச்ச பெறகு அத்தை கட்டிக்கிரும். வாழக்கா, அகத்திக்கீரை, வடை எல்லாம் ஆயிருச்சு. மாமாவக் காணோம். செவுத்துல வெறும் ஆணி நிக்கிது. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தாரு. பெறகு, சூடம் வாங்கிட்டு அப்படியே மாமாவையும் பாத்துட்டு வான்னு என்னய அனுப்புனாரு.

மாமா கடை பூட்டிக் கெடந்துச்சு. கீழ எறங்கித் திரும்புறேன். பஸ் ஸ்டாண்டுப் புஸ்தகக் கடையில, கயித்துல வரிசையா கிளிப்புப் போட்டு எங்கம்மா தொங்குறா. ஒரு அம்மா இல்ல, அந்தக் கயிறு பூராம் எங்கம்மா. அதுவும் கலர்ல.

சத்தியமாச் சொல்றேன், எனக்குப் பயமே வரல. தலமுடி விரிஞ்சு கெடந்துச்சு. அமாவாசைக்குத் தலைக்கு ஊத்திருக்கான்னு நெனச்சேன். சுத்திப் பொகையா இருந்துச்சு. சாம்பிராணி போட்டு முடி காய வைக்கிறான்னு நெனச்சேன். மொகம் கொய்யாக்கா மாதிரி பச்சையா இருந்துச்சு. பயத்த மாவு தேச்சுக் குளிச்சிருக்கா. வாயெல்லாம் ஒரே செவப்பு. வெத்தலை போட்டிருக்கா. நாடியில துணி மட்டும் அப்படியே இருந்துச்சு. பல்லு வலி இன்னும் விடல போல. கண்ணு தொறந்துதேன் இருந்துச்சு. என்னயவே பாத்துச்சு. மாமா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு, புதுசு மாதிரியே ஆக்கிட்டாருன்னு எனக்குத் துள்ளுது.

கடைக்காரர்கிட்ட, அது எங்கம்மான்னேன். அவரு சிரிச்சாரு. "ஒங்கம்மாவா? அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு தாயி. இவள வச்சுக்கிட்டுத் தனியாக் கடையில படுக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொல்லி, ஓரம் கிழிஞ்ச ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டேன். சூடத்த மறந்துட்டு ஓட்டமா ஓடியாந்தேன்.

வீட்டுல முன்னால யாரும் இல்ல. அப்பா கெணத்தடியில தலைக்கு ஊத்திக்கிட்டிருந்தாரு. நான் முக்காலிய இழுத்துப் போட்டு ஏறி, புஸ்தகத்த அம்மா ஆணியிலயே குத்தி மாட்டி, படையலுக்கு வச்சிருந்த மல்லியப்பூவ எடுத்து அது மேல போட்டேன். எறங்கி நின்னு கும்புட்டேன். அத்தை வடைத் தட்டோட வந்துச்சு. நிமிந்து பாத்துச்சு. அம்புட்டுத்தேன். தட்டு ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். வடையெல்லாம் உருண்டு வாசலுக்கு ஓடிருச்சு. காக்கா அது பாட்டுக்கு வந்து தின்னுட்டுப் போச்சு. அந்த வருசம் எங்கம்மா வந்து சாப்புட்டது அதுதேன்.

அப்பா ஈரத்துண்டோட உள்ள வந்தாரு. அட்டையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு ஒவ்வொரு எழுத்தா கூட்டித்தேன் படிப்பாரு. அட்டையில பெரிசு பெரிசா எழுதிருந்ததை ஒதட்ட அசைச்சு அசைச்சுப் படிச்சாரு. நான் போயி துண்டப் புடிச்சுக்கிட்டு, என்னப்பா எழுதிருக்குன்னு கேட்டேன்.

"ஒங்கம்மா பேரு"ன்னாரு.

எங்கம்மா பேரு அம்புட்டு நீளமான்னு நான் ஆச்சரியமாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், அப்பப் பாத்து மாமா வந்தாரு. வெளுத்த சட்டை, கையில லட்டுப் பொட்டலம். முந்தின நாளே மதுரைக்குப் போயி, புஸ்தகம் வந்ததப் பாத்துட்டு, மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்காரு. வாசல்லருந்தே, "பாத்தியளா மச்சான்? நம்ம அக்கா இன்னைக்கு மதுரைலருந்து பழநி வரைக்கும் தொங்குறா"ன்னாரு.

"படம் எங்க மாப்ள?"ன்னாரு அப்பா.

மாமாவுக்கு அப்பத்தேன் ஒறைச்சுச்சு. லட்டக் கீழ வச்சாரு. மூஞ்சிய வெட்டி ஒட்டித்தேன் அனுப்ப வேண்டியதாப் போச்சு, சிவகாசியில அச்சுக்குப் போனது அங்கயே போச்சு, கேட்டுப் பாத்தேன், குப்பையோட போயிருச்சுன்னாகன்னு இழுத்து இழுத்துச் சொன்னாரு. மொத மொத எடுத்த கண்ணாடி நெகட்டிவ அந்தக் காலத்துலயே கழுவி ஜன்னலுக்குப் போட்டாச்சாம். உசுரோட இருக்குற ஒருத்தியும் எனக்காக ஒக்கார மாட்டேன்னுட்டா மச்சான், அக்கா இருந்திருந்தா மாட்டேன்னு சொல்லிருக்க மாட்டான்னாரு.

"கேட்டியா?"ன்னாரு அப்பா.

மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அதோட விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கல. வேற ஒண்ணு நானே வரஞ்சு தாரேன் மச்சான், அதவிட நல்லாவேன்னாரு. எதப் பாத்து வரைவன்னு அப்பா கேட்டாரு. மாமா என்னயக் காட்டுனாரு.

"மொதப் படத்துக்கும் இவ கண்ணத்தான எழுதுனேன். அக்கா கண்ணு எம்புட்டு நெனச்சாலும் எனக்கு ஞாபகத்துக்கு வரல. இவளத்தேன் மடியில வச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்து எழுதுனேன். இத்தன வருசமா ஒருத்தரு கண்டுபுடிச்சியளா?"

அப்பா அத்தைய எலையப் போடச் சொன்னாரு. படைக்காமயே எலை போட்டது எங்க வீட்டுல அன்னைக்குத்தேன். "ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போ மாப்ள. இனிமே வராத"ன்னாரு. மாமா ஒக்காந்து சாப்ட்டாரு. தண்ணி குடிக்காம, எலையில இருந்த எல்லாத்தையும் சாப்ட்டாரு. எந்திரிச்சுக் கை கழுவிட்டு, படியெறங்கிப் போயிட்டாரு. மாமா போன பெறகு, அத்தை மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு இடுக்கியால அந்த அட்டையக் கழட்டி அடுப்புல வச்சுச்சு. எங்கம்மாவ ரெண்டாந்தடவையும் எரிச்சாச்சு.

மாமாவுக்கு மெட்ராஸும் கெடைக்கல. அட்டையப் பாத்து எவனும் கூப்புடல. இங்க இருந்ததும் போச்சு. சாவு விழுந்தா ஒரு வீட்டுலயும் அவரக் கூப்புடலயே. எங்க கெழவியப் பேயாக்கிப் பஸ் ஸ்டாண்டுல தொங்க விட்டுருவான்னு பயம். ஏரித் திரை மட்டுந்தேன் மிச்சம். அவரு சாகையில அவருக்குக் கண்ணு தொறக்க ஊருல ஆளில்ல. மூடுன கண்ணோடதேன் அவுக வீட்டுச் செவுத்துல இருக்காரு. இதக் கேட்டதும் எம் பேத்தி, அந்தப் பழைய அட்டை எங்கயாவது போன்ல கெடைக்கும் அம்மாச்சி, தேடி எடுத்து, பேய அழிச்சுட்டு ஒங்கம்மாவ மட்டும் தாரேன்னா. எத அழிப்ப, எத விடுவ? கண்ணு என்னுது, முடி மாமா எழுதுனது. சும்மா இருடின்னுட்டேன்.

அன்னைக்கு மாமா போன பெறகு வீடே சத்தமில்லாம கெடந்துச்சு. அத்தை கொல்லையில ஒக்காந்திருக்கு. அப்பா திரும்பிப் படுத்திருக்காரு. மல்லியப்பூ தரையில கெடந்துச்சு. எனக்கு என்ன கவலைன்னா, அம்மாவுக்கு இன்னும் சாமி கும்புடலயே. மாமா சொன்னது காதுல விழுந்திருக்கு. அம்மா கண்ணு என் கண்ணுதேன்னு சொல்லிட்டாரு. அப்ப அம்மா எங்கயும் போகலயே. நான் முக்காலிய நகட்டிப் போட்டு ஏறுனேன். பக்கத்து ஆணியில இருந்த ரசம் போன கண்ணாடிக்குப் பூவப் போட்டேன். உள்ள பாத்தா அந்தக் கண்ணு இருக்கு. நகந்தா கூடவே வருது. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். அம்மா வந்துட்டா அத்த, ஓடியான்னு கத்துனேன்.

அத்தை வந்து பாத்துட்டு முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சுச்சு. உசுரோட இருக்குற புள்ள தனக்குத்தானே மால போட்டுக்கிருதேன்னு தலையில தலையில அடிச்சுக்கிச்சு. அப்பா எந்திரிச்சு வந்தாரு. கண்ணாடியப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. பூவ எடுத்து எந் தலையில வச்சுவிட்டுட்டு, சட்டைகூடப் போடாம வெளிய போயிட்டாரு.

பூவ வீணாக்குனதுக்குத்தேன் கோவம்னு நான் நெனச்சேன். பொழுது சாயத் திரும்பி வந்தாரு. கண்ணு ரெண்டும் கோவப்பழம் மாதிரி செவந்து கெடந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. எப்பவும் போல வெங்காயம்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு மண்டி லீவு.